‘அவர் அப்படிப்பட்டவர் அல்லர்’

இந்த வாரச் சிந்தனைக்கு வாசிக்க: யோவான் 13:21–30; உபாகமம் 21:1–9



ஆண்டவர் தம் சீஷரோடு அமர்ந்த கடைசி இராப்போஜனத்தை நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். எனினும் யோவான் அதில் குறித்து வைத்திருக்கும் ஒரு சிறிய செய்தியின்மேல் நம் கண் நிற்பதில்லை. யூதாஸ் எழுந்து இருளுக்குள் போனபோது பந்தியில் இருந்தவர்களுள் ஒருவரும் அவன் போக்கைத் தவறாக எண்ணவில்லை. பணப்பை அவன் பொறுப்பில் இருந்தது. ஆகவே பண்டிகைச் செலவுக்காகப் போகிறான் என்றோ, ஏழைகளுக்கு உதவப் போகிறான் என்றோ நினைத்துக்கொண்டார்கள். கூடவே உண்டு, கூடவே நடந்து, கூடவே ஊழியம் செய்தவன். அவர்களுடைய பொருளாளர்! அவன்மேல் சந்தேகம் எப்படி எழும்?

பின்னாளில் வந்த ஓவியர்களுக்கு இந்த உண்மை போதவில்லை. பதுவா நகரத்துச் சிற்றாலயத்தில் ஏறத்தாழ 1305-ஆம் ஆண்டில் ஜியோட்டோ தீட்டிய சுவரோவியத்தில், முத்தமிட வரும் யூதாஸ் மஞ்சள் அங்கி தரித்திருக்கிறான். அந்த அங்கி ஆண்டவரையே மூடி மறைக்கிறது. வட ஐரோப்பிய ஓவியர் சிலர் அவனுக்குச் செம்பட்டை முடி கொடுத்தார்கள். வேறு சிலர் மூக்கை வளைத்தார்கள். அக்காலத்து ஐரோப்பாவின் பல நாடுகளில் யூத மக்கள் கட்டாயமாக அணியவேண்டியிருந்த அடையாளத்தின் நிறமும் மஞ்சளே. ஓவியருக்கு அது தற்செயலாகத் தோன்றியிருக்காது. நம்முடைய ஞாயிறு பள்ளிப் படங்களில்கூட யூதாஸ் யார் என்று ஐந்து வயதுக் குழந்தை விரல் நீட்டிச் சொல்லிவிடும். மூன்று ஆண்டுகள் உடனிருந்த பதினொருவரும் காணாததை ஐந்து வயதுக் குழந்தை கண்டுவிடுகிறது என்றால், அந்தப் படம் பொய் சொல்லுகிறது என்றே பொருள்.

குற்றவாளிக்கு முன்கூட்டியே ஒரு முகம் வரைந்து வைத்திருக்கிறவர்கள் உண்மைக் குற்றவாளியைத் தங்கள் வாசலிலிருந்தே வழியனுப்பி வைக்கிறார்கள் என்பதே இந்த வாரம் நான் வாதிட வந்திருப்பது. இதை உவமையாகச் சொல்லவில்லை. காவல்துறை ஏடுகளில் பதிவான வரலாறாகவே சொல்லுகிறேன். அதை விவரமாகவே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1888-ஆம் ஆண்டு இலண்டனின் கிழக்குப் பகுதியான ஒயிட்சாப்பலில் ஏழைப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். கொன்றவனை எவரும் காணவில்லை. ஆனால் அவன் முகம் மட்டும் ஊராருக்குத் தெரிந்திருந்தது! ஆங்கிலேயன் இப்படிச் செய்யமாட்டான், வந்தேறிய யூதன்தான் செய்திருப்பான் என்று தெருவில் கூட்டம் கூச்சலிட்டது. ‘தோல் மேலங்கிக்காரன்’ என்ற பட்டப்பெயரை நம்பி, ஜான் பைசர் என்னும் யூதச் செருப்புத் தொழிலாளியைக் காவலர்கள் பிடித்துச் சென்றார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் வேறிடத்தில் இருந்தது உறுதியானதால் விடுவிக்கப்பட்டார். அதே செப்டம்பர் 30-ஆம் நாள் விடியற்காலையில், கொலையுண்ட பெண்ணின் இரத்தம் தோய்ந்த துணித்துண்டு கிடந்த வாயிலருகே, சுவரில் யூதர்களைப் பற்றிய ஒரு வரி சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது. விடிந்து மக்கள் அதைக் கண்டால் யூதர் குடியிருப்புகள் தாக்கப்படும் என்று அஞ்சிய காவல் ஆணையர் சர் சார்லஸ் வாரன், நிழற்படம் எடுப்பதற்கு முன்பே அதை அழிக்கச் செய்தார். அது கொலைகாரன் எழுத்துதானா என்று இனி எவரும் ஆராய முடியாது. ஊரார் மனத்தில் இருந்த ஒரு முகம், அதிகாரியின் கையாலேயே ஒரு தடயத்தை அழித்துவிட்டது. அந்த வழக்கு இன்றளவும் துலங்கவில்லை.

அங்கிருந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கடந்து வாருங்கள். 1975 முதல் 1980 வரை வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலும் மான்செஸ்டரிலும் பதின்மூன்று பெண்கள் கொலையுண்டார்கள். பத்திரிகைகள் ஒயிட்சாப்பல் கொலைகாரனின் பட்டப்பெயரையே தூசி தட்டி எடுத்து, இவனுக்கு ‘யார்க்‌ஷயர் ரிப்பர்’ என்று சூட்டின. பட்டப்பெயரோடு கூடவே பழைய கதையும் வந்து ஒட்டிக்கொண்டது: இவன் பாலியல் தொழில் செய்யும் பெண்களை மட்டுமே வெறுத்துக் கொல்லுகிறவன் என்பதே அந்தக் கதை.

உண்மையில் கொலை செய்தவன் பிராட்ஃபோர்டில் வாழ்ந்த பீட்டர் சட்கிளிஃப் என்னும் லாரி ஓட்டுநர். மணமானவன், மனைவி ஆசிரியை, ஒழுங்கான தெருவில் ஒழுங்கான வீடு. விசாரணை நடந்த ஆண்டுகளில் காவலர்கள் அவனை ஒன்பது முறை சந்தித்து விசாரித்தார்கள். ஒன்பது முறையும் எழுந்து வந்துவிட்டார்கள்.

ஏன் என்பதைக் கவனியுங்கள். அந்தக் கதை முதலாவது பாதிக்கப்பட்ட பெண்களையே பிரித்தது. 1975 ஆகஸ்டில் ஒரு கிராமச் சாலையில் பதினான்கு வயதுப் பள்ளி மாணவி ஒருவர் தலையில் தாக்கப்பட்டார். தாக்குவதற்கு முன் அவன் நெடுந்தூரம் அவரோடு பேசிக்கொண்டே நடந்து வந்திருந்தான். ஆகவே அவன் முகத்தை அவர் தெளிவாகக் கண்டிருந்தார். அவர் சொல்லி அமைத்த படம் சட்கிளிஃப்பை ஒத்திருந்தது. ஆனால் ‘ரிப்பர்’ பள்ளிப் பிள்ளைகளைத் தாக்குகிறவன் அல்லனே! அவருடைய வழக்கு அந்தத் தொடரில் சேர்க்கப்படவில்லை. அதைத் தான் செய்ததாக அவன் ஒப்புக்கொண்டது 1992-இல். 1976-இல் லீட்ஸ் நகரில் தாக்கப்பட்டு உயிர்தப்பிய இளம் கறுப்பினப் பெண் ஒருவரும் அவன் தோற்றத்தைச் சரியாகவே சொன்னார். அவர் சொல்லும் நீண்ட காலம் ஒதுக்கி வைக்கப்பட்டது. கொலைகாரனை நேருக்கு நேர் கண்டு உயிரோடிருந்த சாட்சிகள் இவர்கள். இவர்களைவிட மேலான சாட்சி எந்த வழக்கிலாவது கிடைக்குமா?

1977-இல் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கொல்லப்பட்டபோதுதான் நாடு திடுக்கிட்டது. பத்திரிகைகள் அவளை ‘குற்றமற்ற’ முதல் பலி என்று எழுதின. அப்படியானால் அதற்கு முன் இறந்தவர்கள் எதில் குற்றவாளிகள்? அவர்களுள் பலர் சிறு பிள்ளைகளின் தாய்மார். மூத்த காவல் அதிகாரி ஒருவர், கொலைகாரன் பாலியல் தொழிலாளிகளை வெறுப்பதையும், பலரும் அப்படியே வெறுப்பதையும் குறிப்பிட்டு, ஆனால் இப்போது அவன் குற்றமற்ற பெண்களைக் கொல்லுகிறானே என்ற பொருள்படப் பொதுமக்கள் முன் பேசினார். காவல்துறையின் மனத்திலிருந்த படம் அந்தப் பேச்சில் வெளியே வந்தது. 2020 நவம்பரில் சட்கிளிஃப் இறந்தபோது, அந்நாட்களில் பெண்களைக் குறித்துப் பேசிய விதத்துக்காக மேற்கு யார்க்‌ஷயர் காவல்துறை மன்னிப்புக் கேட்டது. நாற்பது ஆண்டுகள் ஆயின.

அடுத்து வந்தது ஒரு குரல். 1978 மார்ச் முதல், தானே கொலைகாரன் என்று சொல்லி, ஒயிட்சாப்பல் பட்டப்பெயரையே கையெழுத்தாக இட்ட கடிதங்கள் வந்தன. 1979 ஜூனில், விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டுக்கு ஓர் ஒலிநாடா வந்தது. நிதானமாக, கேலியாகப் பேசும் குரல். பேச்சு வழக்கு யார்க்‌ஷயருக்கு வடக்கே உள்ள சண்டர்லாந்து பகுதியைச் சேர்ந்தது. காவல்துறை மயங்கிவிட்டது. எல்லோரும் எதிர்பார்த்த கொலைகாரன் இப்படித்தான் பேசுவான்: கொடூரன், அறிவாளி, காவலரோடு விளையாடுகிறவன்! குரலைத் தொலைபேசியில் கேட்க நாட்டு மக்களுக்கு வசதி செய்யப்பட்டது, விளம்பரங்கள் ஒட்டப்பட்டன. அந்தப் பேச்சு வழக்கு இல்லாதவர்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். இது ஏமாற்று வேலையாக இருக்கலாம் என்று குரலை ஆராய்ந்த மொழியறிஞர்களே எச்சரித்தும் கேட்பாரில்லை.

ஒலிநாடா வெளியான அடுத்த மாதமே இரண்டு காவலர்கள் சட்கிளிஃப்பின் வீட்டுக்குச் சென்றார்கள். உயிர்தப்பிய பெண்கள் சொன்ன தோற்றம், பல்லிடைவெளி, காலணி அளவு எல்லாம் அவர்களுள் ஒருவரை உறுத்தின. இவனை மேலும் விசாரிக்கவேண்டும் என்று அறிக்கை எழுதினார். பேச்சு வழக்கும் கையெழுத்தும் பொருந்தவில்லை என்று அந்த அறிக்கை கோப்பில் கட்டப்பட்டது. அதற்குப் பின் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். 1980 இறுதியில் அவனுடைய நண்பனே பெயரைக் குறிப்பிட்டு எழுதிய கடிதமும் காகிதக் குவியலுக்குள் போய்விட்டது.

முடிவில் அவன் பிடிபட்ட விதம் மிகச் சாதாரணமானது. 1981 ஜனவரி 2-ஆம் நாள் ஷெஃபீல்டில், வழக்கமான இரவு ரோந்தில், காரின் எண் பலகை போலியென்று கண்டு பிடித்தார்கள். அவன் சிறிது நேரம் ஒதுங்கிப்போன இடம் ஒரு காவலரை உறுத்தியது. மறுநாள் திரும்பிப் போய்த் தேடியபோது சுத்தியலும் கத்தியும் கிடைத்தன. ஒலிநாடா அனுப்பியவன் ஜான் ஹம்பிள் என்னும் வேறொருவன் என்பதும், அவனுக்கும் கொலைகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதும் கடித உறையில் இருந்த உமிழ்நீரின் மரபணுவால் 2005-இல்தான் வெளிப்பட்டன. மறு ஆண்டு அவனுக்கு எட்டு ஆண்டுச் சிறை. எங்கோ சண்டர்லாந்தில் ஒரு குடிகாரன் ஆடிய விளையாட்டு, நாடு முழுவதும் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்த கதைக்குள் அப்படியே பொருந்தியது. பொருந்தியதனாலேயே நம்பினார்கள்.

‘இது வெள்ளைக்காரன் நாட்டுக் கதை, ஐயா, நமக்கென்ன?’ என்று கேட்கிறீர்களா? அதே வெள்ளைக்காரன் நமக்கென்று ஒரு சட்டமே எழுதிவைத்தான். 1871-இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திருட்டு நடந்தால் திருடனைத் தேடவேண்டியதில்லை. எந்தச் சாதி என்பதை அரசிதழே சொல்லிவிடும். கைரேகை வைத்து, இரவில் காவல் நிலையத்தில் படுத்து, ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வாங்கி வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் சபைகளில் இருக்கிறார்கள். மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், கைரேகை வைக்க மறுத்த மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உள்படப் பலர் மாண்டார்கள். கிறிஸ்தவ அமைப்புகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறைக்கவேண்டாம். சென்னை மாகாணத்தில் இருந்து இன்று ஆந்திராவில் உள்ள ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பை அரசுக்காக நடத்தியது இரட்சணிய சேனை. பிறப்பினால் ஒரு பாவம் உண்டென்று வேதம் சொன்னால், அது ஆதாமின் மக்கள் எல்லோருக்கும் சொன்னது. ஒரு சாதிக்கு மட்டும் சொன்னதாக அரசு வாசித்தபோது நம் முன்னோர்கள் அதற்கு ஆமென் சொன்னார்கள். அந்தச் சட்டம் இருந்த காலமெல்லாம், பட்டியலில் இல்லாத சாதியில் பிறந்த திருடன் எவ்வளவு நிம்மதியாக உறங்கியிருப்பான் என்று எண்ணிப்பாருங்கள்.

சட்டம் போயிற்று, பழக்கம் போகவில்லை. 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிப்பவர்கள் வடக்கிலிருந்து வந்திருப்பதாகக் கைப்பேசிகளில் ஒரு செய்தி சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. கூட்டம் கூடி அடித்ததில் அறுபத்தைந்து வயது மூதாட்டி இறந்துபோனார். அந்தச் செய்தியை மறுபகிர்வு செய்தவர்களுள் வசனங்களைக் காலைதோறும் பகிர்கிறவர்களும் இருந்திருப்பார்கள் என்றே அஞ்சுகிறேன்.

வழியில் வரும் அந்நியனைப் பற்றிய இந்தக் கதை ஏன் இவ்வளவு இனிக்கிறது? அது நம் வீட்டை விட்டுக் குற்றத்தைத் தூரமாக வைக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை எந்த ஆண்டுக்கு வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். பிள்ளைகள்மேல் நடக்கும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பிள்ளைக்கு முன்பே அறிமுகமானவர்: உறவினர், அயலகத்தார், குடும்ப நண்பர். நாம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதோ, முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே என்பது மட்டும். தெரிந்தவர் கொடுத்தால்?

நம் சபைகளில் வழங்கும் இரண்டு வாக்கியங்களை நான் இங்கே பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டுகிறேன். ‘அவர் அப்படிப்பட்டவர் அல்லர்’ என்பது ஒன்று. ‘அவள் அப்படிப்பட்டவள்தானே’ என்பது மற்றொன்று. முதலாவது வாக்கியம் சட்கிளிஃப்பை அவன் வீட்டிலேயே ஒன்பது முறை விட்டுவந்தது. இரண்டாவது வாக்கியம் அவனைக் கண்ட சாட்சிகளின் வாயை அடைத்தது. உபவாசக் கூட்டத்தில் உருகி ஜெபிக்கிறார், காணிக்கையில் குறைவில்லை, பாடகர் குழுவில் இருபது ஆண்டுகள் என்றெல்லாம் அடுக்குகிறோம். இவை ஒரு மனிதனின் வருகைப் பதிவேடு மட்டுமே. பணப்பை யார் கையில் இருந்தது என்பதை யோவான் வீணாக எழுதிவைக்கவில்லை.

இரண்டு மறுப்புகள் எழும் என்று அறிவேன். நியாயந்தீர்க்கக் கூடாதென்று ஆண்டவர் கட்டளையிட்டாரே என்பீர்கள். விசாரிப்பது நியாயந்தீர்ப்பு ஆகாது. முகத்தைப் பார்த்தே ஒருவரை விடுதலை செய்வதுதான் நியாயந்தீர்ப்பு. அதுவும் மறுபக்கத்தின் சொல்லைக் கேளாத தீர்ப்பு. அடுத்து, பொய்ப் புகாரால் சிறைக்குப் போன யோசேப்பை எனக்கு நினைவூட்டுவீர்கள். நன்று, அவனையே பார்ப்போம். போத்திபாரின் மனைவி தன் புகாரில் எந்தச் சொல்லை முன்வைத்தாள்? அவன் எபிரெயன் என்பதை. அந்நிய இனத்து அடிமை இப்படித்தான் செய்வான் என்று வீட்டார் எல்லோருக்கும் ஏற்கெனவே ‘தெரிந்திருந்தது’. வஸ்திரம் எப்படி அவள் கைக்கு வந்தது என்று ஒருவரும் கேட்டதாக வேதம் சொல்லவில்லை. யோசேப்பைச் சிறைக்கு அனுப்பியது அதே முன்தீர்ப்புதான். ஒழுங்கான விசாரணை நடந்திருந்தால் பயன்பெறும் முதல் மனிதன் அவன்.

துலங்காத கொலைக்கு வேதத்தில் ஒரு முறைமையே உண்டு. உபாகமம் 21-ஐ வாசியுங்கள். வயல்வெளியில் ஒருவன் வெட்டுண்டு கிடக்கிறான், செய்தவன் தெரியவில்லை. மூப்பர்கள் என்ன செய்யவேண்டும்? அந்த வழியாகப் போன நாடோடியைத் தேடச் சொல்லவில்லை. சந்தேகத்துக்குரிய குலம் எது என்று ஆராயச் சொல்லவும் இல்லை. பிணம் கிடந்த இடத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரத்தை அளக்கவேண்டும். எந்த ஊர் மிக அருகில் இருக்கிறதோ, அந்த ஊரின் மூப்பர்கள் வந்து, தங்கள் கைகள் இதைச் செய்யவில்லை என்றும் தங்கள் கண்கள் இதைக் காணவில்லை என்றும் தேவனுக்கு முன்பாக அறிக்கையிடவேண்டும். தேவன் கையில் கொடுத்தது அளவுகோல். அது காட்டுவதோ நம் வாசலை. அந்த அறிக்கையின் இரண்டாம் பகுதியை, ‘எங்கள் கண்கள் காணவில்லை’ என்பதை, நம்முள் எத்தனை பேர் பொய்யில்லாமல் சொல்லமுடியும்?

ஆகையால் நடைமுறைக்கு வருகிறேன். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டமாகிய போக்சோவின் 19-ஆம் பிரிவின்படி, அத்தகைய குற்றம் நடந்ததென்று அறிகிற எவரும் அதைக் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிந்தும் சொல்லாமலிருந்தால் ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தமக்குக் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. சபையும் ஒரு நிறுவனமே. ‘போதகரிடம் சொல்லிவிட்டேன்’ என்பதனால் அந்தக் கடமை தீராது. ‘சபையின் பெயர் கெடுமே’ என்ற விதிவிலக்கை அந்தச் சட்டத்தில் நான் காணவில்லை. பிள்ளை வந்து ஒன்றைச் சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். சொன்ன பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். பிள்ளையின் பெயரை ஜெபக் குறிப்பாகக்கூட எவருக்கும் அனுப்பாதீர்கள். 1098 என்னும் சிறார் உதவி எண் ஆலய அறிவிப்புப் பலகையில், ஞாயிறு பள்ளி வகுப்புகளின் சுவரில், பிள்ளைகளின் கண்மட்டத்தில் ஒட்டப்படும்.

சொல்லப்படும் பெயர் ஒரு மூப்பருடையதாக இருந்தால்? என்னுடையதாகவே இருந்தால்? அப்போதும் முதலில் அந்த எண்ணை அழையுங்கள். கமிட்டிக் கூட்டம் அதற்குப் பிறகு நடக்கட்டும்.